மடியை விட்டு இறக்காத பிள்ளை

தம்பி,

நீ அனுப்பிய வக்கீல் நோட்டீஸைப் படித்துவிட்டேன். “ஆயுசு பூரா ஆபீசுல மனு டைப் அடிச்சவ நீ, எங்கனா தப்பு இருந்தா திருத்திக் குடும்மா, அப்புறம் சிதம்பரத்துக்கு அனுப்பிக்கலாம்” என்று சொல்லியிருந்தாய். எழுத்தில் தப்பு ஒன்றும் இல்லை. வக்கீல் நன்றாகவே எழுதியிருக்கிறார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நோட்டீஸ் நித்யாவின் கைக்குப் போய்விட்டால் அப்புறம் நீ நினைத்தாலும் நான் நினைத்தாலும் எதையும் திருத்த முடியாது. போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்து எடுத்து வைத்தேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு இந்தப் பேச்சு வராது. ஆகவே பேனாவால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். பக்கத்தில் யாராவது இருந்தால் எழுந்து தனியாகப் போய்ப் படி. முழுக்கப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், என் குணம் உனக்குத் தெரியும்.

நோட்டீஸில் உன் மனைவி நித்யா செய்ததாகச் சொல்லியிருப்பதெல்லாம் எனக்கும் தெரிந்த விஷயங்கள்தான். நீ லீவில் வந்திருந்த நாட்களில் அவள் உன்னோடு படுக்கவில்லை, குழந்தையைச் சாக்குச் சொல்லிக் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டாள். நீ வேலை பார்க்கிற டான்சானியாவுக்கு உன்னோடு வர மறுத்தாள். குழந்தையை யார் கையிலும் கொடுக்க மாட்டாள், என் கையில் கூட. நீ பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்ட டயப்பரைப் பிரிக்காமலே பரணில் ஏற்றினாள். திருவதிகையில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்திய அன்றைக்கு, வந்தவர்களை வா என்று கூடச் சொல்லாமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்து உன்னைச் சபையில் தலைகுனிய வைத்தாள். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். படித்துக்கொண்டே வந்தவளுக்கு ஒன்று தோன்றியது. உன் அப்பாவுக்கு இப்படி ஒரு வக்கீல் கிடைத்திருந்தால், அங்கே இங்கே பெயரை மாற்றி, இதே நோட்டீஸை எனக்கே அனுப்பியிருக்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறுநீர் அடங்காது, தம்பி. நீ பிறந்ததிலிருந்து அப்படித்தான். தும்மினால் வரும். இருமினால் வரும். குடத்தை இடுப்பில் தூக்கினால் வரும். பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் வரும். அவசரம் என்று உடம்பு சொல்வதற்கும் கழிப்பறைக் கதவைத் தொடுவதற்கும் நடுவில் வந்துவிடும். பழைய நூல் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் உன் எதிரில் நடமாடியிருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த ஆபீசில் பெண்கள் கழிப்பறையின் சாவி பியூனிடம் இருக்கும். ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையைத் தாண்டிப் போய் அவரிடம் “சாவி குடுங்கண்ணே” என்று கேட்க வேண்டும். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால், “இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லயா” என்பார். நல்ல மனுஷர்தான், அக்கறையாகத்தான் கேட்பார். ஆனால் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நான் சிரிக்க மாட்டேன். கல்யாண வீட்டில் உன் சித்தப்பா வாயைத் திறந்தாலே எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள், நான் மட்டும் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவேன். “அண்ணிக்கு நம்மள கண்டாலே ஆவாது” என்று அவர் கடைசி வரை நம்பினார். நீயே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என்னைச் சிடுமூஞ்சி என்று உன் சிநேகிதனிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உங்கள் எல்லாரையும் விடச் சிரிப்பு ஜாஸ்தி, தம்பி. சிரித்தால் நனைந்துவிடும் என்பதற்காக அடக்கி அடக்கி முகமே அப்படி ஆகிவிட்டது. எழுதும்போது சிரித்தால் ஆபத்தில்லை, தனியாகத்தானே இருக்கிறேன், அதனால் இந்தக் கடிதத்தில் அங்கங்கே கேலி வந்தால் இவள் யாரோ என்று நினைத்துக்கொள்ளாதே. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனால், அத்தனை பேர் செருப்புக்கும் நான் காவல் இருப்பேன், நினைவிருக்கிறதா? அம்மாவுக்குப் பக்தி கம்மி என்று நீங்கள் பேசிக்கொள்வீர்கள். ஈரத் துணியோடு எப்படியப்பா சாமிக்கு முன்னால் போய் நிற்பது? வெளியில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வேன், செருப்பையும் பார்த்துக்கொள்வேன்.

உன் அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொல்ல ஆரம்பித்தேன். நீ தவழுகிற வயது. “புள்ள பெத்ததுல இருந்து ஒரு மாதிரி இருக்குதுங்க” என்றேன். “எல்லாம் போவப் போவ சரியாயிடும்” என்றார், பேப்பரைத் திருப்பினார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று அவர் கேட்கவில்லை, கேட்காதபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு நான் தனியாகப் படுத்தேன். வாடை வருமோ என்கிற பயம், வேறொன்றும் இல்லை. இவளுக்கு நம்மேல் பிரியம் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்கை நேர் பண்ணாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த முதல் இரண்டு வருடம் என்னைக் காப்பாற்றியது நீதான். கைக்குழந்தைக்காரியின் மடி நனைந்திருந்தால் ஊரில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். “புள்ள போயிட்டானா, போயி மாத்திகினு வா” என்பார்கள், அவ்வளவுதான். அதனால் உன்னை மடியை விட்டு இறக்கவே இல்லை. யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். விசேஷ வீட்டில், பஸ்ஸில், கடையில், எங்கேயும் நீ என் மடியில்தான். ‘பொறந்தா இப்படி ஒரு தாய்க்குப் பொறக்கணும், புள்ளைய கீழ விடுறாளா பாரு’ என்று ஊரே மெச்சியது. பிள்ளைக்கு நடை வந்தால் எல்லாத் தாயும் சந்தோஷப்படுவார்கள். உனக்கு வந்ததும் நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று உன் அத்தை சொன்னாள்.

இப்போது நித்யாவிடம் வருகிறேன். அவளும் இதையேதான் செய்தாள். என்னை மெச்சினார்கள், அவளுக்கு நோட்டீஸ் வருகிறது. மடி ஈரமாக இருந்தால் அது யாழினிக் குட்டி செய்ததாக இருக்க வேண்டும், அதற்குக் குழந்தை மடியிலேயே இருக்க வேண்டும். குழந்தைக்கு டயப்பர் போட்டுவிட்டால் மடி எப்படி நனையும்? யாருக்காவது கொடுத்துவிட்டால் யார் நனைத்தது என்று ஆகும்? டயப்பர் போட்டால் புண்ணாகிறது என்றாள், நானும் நீயும் மாறி மாறிச் சண்டை போட்டோம். “ஒம் புருஷன் காசு ஒனக்கு அவ்ளோ எளக்காரமா” என்று நான் கேட்டேன். அவள் தலையைக் குனிந்து குழந்தையின் கால்சட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை, தம்பி. மாமியார் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் அவிந்துவிட்டது.

அவளுக்குப் பிரசவம் சிதம்பரத்தில், தாய் வீட்டில். வலி எடுத்து ரொம்ப நேரம் கிடந்தாள், கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். நீ டான்சானியாவில் இருந்தாய், போட்டோ பார்த்துச் சந்தோஷப்பட்டாய். குழந்தை நல்ல எடை, நல்ல நிறம், அழுகை நல்லாயிருக்கிறது என்று நாங்களும் குழந்தையைப் பற்றியேதான் பேசினோம். பெற்றவளின் உடம்பைப் பற்றி, தையல் ஆறிவிட்டதா என்பதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் சமையல்கட்டில், குழம்பைத் தாளித்துக்கொண்டே கேட்டேன்.

திருவதிகைக் கதையை நீ வக்கீலிடம் விரிவாகவே சொல்லியிருக்கிறாய். ஆனால் நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. மொட்டை போடுவதற்காக அவள் மடியில் இருந்த குழந்தையை வாங்கி, தாய்மாமன் முறைக்கு அவள் அண்ணன் மடியில் வைத்தார்கள். குழந்தை கை மாறியதும் அவள் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அப்புறம் கை நீட்டி, முடி நனைப்பதற்கு வைத்திருந்த செம்பை எடுக்கிற மாதிரி எடுத்து, மொத்தத் தண்ணீரையும் தன் மேல் கொட்டிக்கொண்டாள். புதுப் பட்டுப்புடவை. இரண்டு சம்பந்தி வீட்டு ஜனமும் சுற்றி நிற்கிறது. நான் எல்லார் எதிரிலும், “கண்ண எங்கம்மா வச்சிருக்க, நல்ல காரியத்துல இப்படியா கொட்டுவாங்க” என்று கத்தினேன். அவள் எழுந்து வண்டிக்குப் போனாள். கை தவறிக் கொட்டியது என்று நான் நினைத்தேன். திமிரில் எழுந்து போனாள் என்று நீ நினைத்தாய். தண்ணீர் கொட்டிய புடவையில் வேறு ஈரம் தெரியாது என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியிருக்கிறது பார். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் பேசினாய். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தோம். நித்யா எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே நீங்கள் கிராமம் கிராமமாக ஆள் அனுப்பிப் பெண்களின் உடம்பைப் பற்றிக் கேட்டு, வருகிற பதிலையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்க்கிறீர்கள் இல்லையா, அதைப் பற்றிச் சொன்னாய். ரொம்ப உற்சாகமாக இருந்தாய். “அம்மா, இங்க எத்தினி பொம்பளைங்களுக்கு இந்த மூத்திரம் அடங்காத பிரச்சனை இருக்குது தெரியுமா? நாங்க எதிர்பாக்கவே இல்ல. இந்த ஊர் மட்டுமில்ல, ஆப்பிரிக்கா முழுக்கவே இப்படித்தான் போல. சின்ன வயசு, பெரிய வயசு கணக்கே இல்ல. மொதல்ல கேட்டா ஒருத்தி கூட ஆமாங்கல. அப்புறம் நான்தான் கேள்விய மாத்தச் சொன்னேன். நோய் இருக்குதான்னு கேக்காதீங்க, இருமும்போது, தண்ணிக் குடம் தூக்கும்போது கொஞ்சம் போயிடுதான்னு கேளுங்கன்னேன். ஒவ்வொருத்தியா சொல்ல ஆரம்பிச்சிட்டாங்கம்மா. பாவம், அவங்க புருஷன்களுக்கே தெரியாது” என்றாய். நான் சோற்றைப் பிசைந்தபடி, “ஐயோ பாவமே” என்றேன். எவ்வளவு வாய் கூசாமல் சொன்னேன் பார், கடல் தாண்டி இருக்கிற பெண்களுக்குப் பாவம் பார்த்தேன், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் மடித்த துணி கிடந்தது.

அப்போது நித்யா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “அவுங்களுக்கு அங்க மருந்து கிருந்து இருக்குதாங்க?” என்று உன்னைக் கேட்டாள். அவள் உன்னிடம் தானாக ஒரு கேள்வி கேட்டு வெகு நாளாகியிருந்தது. நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “அதெல்லாம் ஒனக்கெதுக்கு, இது பிரசவம் பாக்க ஒழுங்கா ஆஸ்பத்திரி இல்லாத ஊரு. நம்ம பக்கம் அதெல்லாம் கெடையாது” என்றாய். அவள் ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன். அந்த வீட்டில் அப்போது இருந்த பெரிய மனுஷிகள் இரண்டே பேர், இரண்டு பேருக்குமே அது இருந்தது. நீ கெடையாது என்று சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்கும் கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது. உன்னைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. கூட இருந்த எனக்கே தெரியவில்லை, நீ அத்தனை தூரத்தில் இருந்தாய். ஆனால் படித்தவன் நீ, இதே வேலையைச் செய்கிறவன் நீ, உன் வாயால் வந்தபோது அவள் அதைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

அவள் கடலூரில் நம் வீட்டை விட்டுப் போனது எதனால் என்று நோட்டீஸில் ‘காரணமின்றி’ என்று போட்டிருக்கிறது. காரணம் இருந்தது. உன் பெரியம்மா வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். யாழினி இப்போது தெளிவாகப் பேசுகிறாள், கழிப்பறைக்குத் தானே ஓடுகிறாள், உனக்குத் தெரியும். நித்யா அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது புடவையில் ஈரம். உன் பெரியம்மா, “அடி கழுத, இன்னும் மடியிலியே போறியா” என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். குழந்தை ரோஷத்தோடு, “நான் போவல, அம்மாதான் போச்சு” என்றது. எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை பொய் சொல்ல எப்படிக் கற்றுக்கொண்டிருக்கிறது பார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் காலையில் அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் உனக்குப் போன் செய்து, “ஒம் பொண்டாட்டிக்கு வீட்டுக்கு நாலு பேரு வந்தா ஆவல” என்று ஏற்றிவிட்டது நான்தான். வக்கீல் வரைக்கும் போனதில் என் பங்கும் இருக்கிறது.

நோட்டீஸ் வந்த மறுநாள் சிதம்பரம் போனேன். பேசிப் பார்க்கலாம், வராவிட்டால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நான் பஸ் ஏறுவது எப்படி என்று உனக்குத் தெரியாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன், கடைசி சீட் வேண்டாம், தூக்கிப் போடும், முன் பக்கமாக ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொள்வேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எந்த நிறுத்தத்தில் இறங்கினால் எந்தக் கடையில் கழிப்பறை உண்டு, எங்கே கேட்டால் முகம் சுளிக்காமல் விடுவார்கள் என்று என்னைக் கேள். வேறு எந்த விஷயத்திலும் எனக்கு இவ்வளவு ஊர் ஞானம் கிடையாது. ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். சம்பந்தியம்மா கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்ததால் உள்ளே ஓடினார்கள். நித்யா சமையல்கட்டு வாசலில் நின்றாள். “வாங்கத்தே” என்றாள். குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. அவள் மடி வெறுமையாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மிளகாய் நெடி ஏறியது. அவளுக்குத் தும்மல் வந்தது. தும்முவதற்கு முன்னால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு காலை இன்னொரு காலின் மேல் பின்னிக்கொண்டு, கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம்தான் தும்மினாள். யாரும் அப்படித் தும்ம மாட்டார்கள், தம்பி. நான் ஒருத்திதான் உலகத்தில் அப்படித் தும்முகிறேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளையே பார்த்தபடி எழுந்தேன், நெடி எனக்கும் ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்தேன், காலைப் பின்னினேன், தும்மினேன். கண்ணைத் திறந்தால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்த தும்மல், எனக்கு அடுத்த தும்மல். இரண்டு பேரும் எதிரெதிரே காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறோம். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிலைமை இன்னும் மோசம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சிரித்தோம். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் வாய் விட்டுச் சிரித்தேன். என்ன ஆக வேண்டுமோ அது ஆனது. சம்பந்தியம்மா கரண்டியோடு வெளியே வந்து, “இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கிறீங்க” என்று கேட்டுவிட்டு எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான்.

அவள் புடவை ஒன்றை எனக்குக் கொடுத்தாள். கொல்லையில் உட்கார்ந்து பேசினோம். “ஒனக்கு எப்பலேர்ந்தும்மா?” என்று கேட்டேன். “யாழினி பொறந்ததுல இருந்து அத்தே. எங்கம்மாகிட்ட சொன்னேன், புள்ள பெத்தவளுக்கு எல்லாம் அப்படித்தான், வெளிய சொல்லாதன்னாங்க” என்றாள். “கொழந்தைய வச்சிகினு சமாளிச்சேன். இப்ப அது பேசுது.” விமானத்தில் அத்தனை மணி நேரம் நடுச் சீட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் உன்னோடு வர மறுத்தாளாம். உன் பக்கத்தில் படுக்காததற்குக் காரணம் நான் எழுத வேண்டாம், உன் அப்பாவைப் பற்றி எழுதியதே போதும். செம்புத் தண்ணீரை வேண்டுமென்றே கொட்டியதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். நான் கத்தியதற்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். “நீங்க கத்துனது நல்லதாப் போச்சு அத்தே, எல்லாரும் ஒங்களையே பாத்தாங்க” என்றாள். இப்படி ஒருத்தியைப் பெண் பார்த்து உனக்குக் கட்டி வைத்தது நான், அவளைத் துரத்தப் பார்த்ததும் நான்.

இரண்டு பேருமாக அங்கேயே ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். உள்ளே போய் யார் முதலில் சொல்வது என்று நான் அவளைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள். கடைசியில் வயசுக்கு மரியாதை என்று நானே ஆரம்பித்தேன். அந்த அம்மா ஆச்சரியப்படவே இல்லை. “நெறைய பேருக்கு இருக்கும்மா. வேற எதுக்காவது வருவாங்க, எல்லாம் பேசிட்டு, கெளம்பும்போது கதவுகிட்ட நின்னுகினுதான் இதச் சொல்லுவாங்க” என்றார். அடக்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துபோவதுதானாம். அதை இறுக்கி விடுகிற பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுத்தார். நித்யாவுக்கு இந்த வயதில் நன்றாகவே பலன் தெரியலாம், போதாவிட்டால் அடுத்தது பார்க்கலாம் என்றார். எனக்கு முழுக்கச் சரியாகும் என்று சொல்லவில்லை, குறையும் என்றார். குறையும் என்கிற வார்த்தையே எனக்குப் பெரிசு. பயிற்சி ரொம்ப வசதி, தம்பி, உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. இதை எழுதிக்கொண்டே செய்கிறேன். ஆனால் வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உள்ளே நாங்கள் இருந்தது காபி ஆறுகிற நேரம் கூட இல்லை. அந்த நேரத்துக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்காததால் என் பாதி ஆயுசு போய்விட்டது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. தாய் என்கிற முறையில் சொல்கிறேன். அவளிடம் பேசும்போது ‘ஏன் என்கிட்ட சொல்லல’ என்று மட்டும் ஆரம்பிக்காதே. அதில் நீ உன் வலியைத்தான் முன்னால் வைக்கிறாய். ‘சரியாயிடும்’ என்றும் சொல்லாதே, உன் அப்பா சொன்னதை நான் கேட்டவள். நல்லவனாக இருந்தால் போதும் என்று உன்னை வளர்த்தேன். நல்லவனாக இருப்பது போதாது, தம்பி. கேட்கத் தெரிய வேண்டும், கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை அந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கத் தெரிய வேண்டும். நாளைக்கு யாழினிக்கு ஒரு குழந்தை பிறக்கும்போது நான் இருக்க மாட்டேன். குழந்தை என்ன எடை என்று கேட்பதற்கு முன்னால் அவளை எப்படி இருக்கிறாள் என்று கேள். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் வேலைக்கு உபயோகப்படும் என்றால் எங்கள் இரண்டு பேரையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள், கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று.

இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று நித்யாவைக் கேட்டேன். “எழுதுங்கத்தே, எனக்குச் சொல்ல வராது” என்றாள். நோட்டீஸைப் பற்றியும் சொல்லிவிட்டேன், மறைக்கக் கூடாது என்று தோன்றியது. நீ படித்ததும் ஓடி வந்து அழைப்பாய், அவளும் கிளம்பிவிடுவாள் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவளைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று நீ இத்தனை மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறாய். பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது, இப்போது யோசித்துக்கொண்டிருப்பது அவள். “அவன் கூப்பிட்டா வருவியாம்மா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அங்க ஊரு ஊரா அத்தினி பொம்பளைங்கள கேக்க வச்சாரு. என்னைய ஒருவாட்டி கேக்கலியே அத்தே” என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் அவளிடமே சொல்.

அம்மா